நான்காவது நாற்காலியில் ஒரு தோல் கன்று

கோட்டானூர் பால் சங்கத்துக்கு மூன்று இயக்குநர்கள். மூவரில் ஒருவரிடமும் மாடு கிடையாது.

மாடில்லாதவர்கள் எப்படிப் பால் சங்கத்தை நடத்தலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரிலும் கேட்டார்கள். தலைவர் குஞ்சிதபாதம் பொறுமையாகப் பதில் சொன்னார்: "மாடு வச்சிருக்கிறவனுக்குக் காலையும் மாலையும் கறக்கவே நேரம் சரியாப் போயிடும். அப்புறம் நிர்வாகத்த யாருய்யா பாக்குறது?" கேட்டவர்கள் யோசித்தார்கள். அதற்குள் கறவை நேரம் வந்துவிட்டது. எழுந்து போய்விட்டார்கள். ஆக, தலைவர் சொன்னது சரிதான் என்று ஆயிற்று.

செயலாளர் துரைக்கண்ணு கூட்டத்தில் நடப்பதை எல்லாம் ஒன்றுவிடாமல் குறிப்பேட்டில் எழுதுவார். தலைவர் தும்மினால் "தலைவர் தும்மினார்" என்று எழுதி, நேரமும் போடுவார். மூன்றாமவர் பக்கிரிசாமி. தீர்மானம் என்ற சொல் காதில் விழுந்ததும் கை தூக்குவது அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

சங்க அலுவலகத்தில் நாற்காலி மட்டும் நான்கு. நான்காவதன் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் "பெண் இயக்குநர்" என்று எழுதியிருக்கும். ஆறு வருடமாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. அதற்காக அதை அலட்சியம் செய்தார்கள் என்று சொல்லிவிடக்கூடாது. வாரம் ஒருமுறை துடைப்பார்கள். மகளிர் தினத்தன்று மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

அந்த நாற்காலியைக் கேட்டு மேலத்தெரு வடிவாம்பாள் மூன்று முறை மனுக் கொடுத்திருந்தாள். ஒற்றை மாடு வைத்திருந்தாலும் பதினோரு வருடமாகச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவள். சட்ட விதியைப் பத்தி பத்தியாக மேற்கோள் காட்டி எழுதியிருந்தாள். மூன்றாவது மனுவின்போது தலைவர் அவளைக் கூப்பிட்டே விளக்கினார்.

"ஏம்மா வடிவு, இது பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கின எடம்."

"நான் பொம்பளைதானே அண்ணே?"

"அதான் சொல்ல வர்றேன். நீ வந்து உக்காந்துட்டா, ஒதுக்கின எடம் எங்கம்மா இருக்கும்? எடம் போயிடாது?"

பக்கிரிசாமி கை தூக்கினார். மனு அலமாரிக்குள் போனது.

இப்படி இருக்கையில் வடிவாம்பாளின் செவலை மாடு ஈன்ற கிடேரி, அதாவது பெண் கன்று, பிறந்த ஒன்பதாம் நாள் கழிச்சல் கண்டு செத்துப்போனது. கன்று போனதும் செவலை பாலை அடக்கிக்கொண்டது. மடி கல்லு மாதிரி. தடவிப் பார்த்தாள், தவிடு வைத்துப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

சங்கத்தில் ஒரு விதி. ஈன்ற மாடு இருந்தும் ஏழு நாள் தொடர்ந்து பால் ஊற்றாவிட்டால் உறுப்பினர் அட்டை ரத்து. கோட்டானூரில் பால் எடுக்க வேறு ஆள் கிடையாது. அட்டை போனால் மாட்டை விற்க வேண்டியதுதான். வடிவாம்பாள் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. அன்றைக்கே கன்றின் தோலைத் தலையோடும் காலோடும் தானே உரித்து, உப்புத் தடவி, நிழலில் காயப்போட்டாள். மூன்றாம் நாள் அதைக் கூடையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள்.

"அண்ணே, இதுல வைக்கோல அடைச்சுத் தச்சுட்டா தோல் கன்னு ஆயிடும். மாட்டு முன்னாடி நிறுத்தினா நக்கிக்கிட்டே பால விட்டுடும். எங்க அம்மா செஞ்சு பாத்திருக்கேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு நாள் கூடத் தவணை குடுங்க."

மூன்று இயக்குநர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயே செய்யப் போறியா?" என்றார் செயலாளர். "பயிற்சிச் சான்றிதழ் இருக்கா?"

"தோல் கன்னுக்கு எதுக்குங்க சான்றிதழ்?"

"பாத்தியா, கேள்வியே தப்பா இருக்கு. தெரியாத வேலையில எறங்கக்கூடாதும்மா. கூடைய வச்சிட்டுப் போ. நாங்க கத்துக்கிட்டு செஞ்சு தர்றோம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் முறையாக் கத்துக்கப் போறோம். உனக்கு ஏற்கெனவே தெரியுங்கிற. உன்னால இனிமே முறையாக் கத்துக்க முடியாது."

இதற்குப் பதில் சொல்ல வடிவாம்பாளிடம் ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய சரக்கு இருந்தது. ஆரம்பித்தாள். ஆனால் தவணை கிடையாது, கூடை மட்டும் சங்கத்தின் பொறுப்பில் இருக்கட்டும் என்று அதற்குள் தீர்மானம் ஆகி, பக்கிரிசாமியின் கை மேலே போய்க் கீழேயும் வந்துவிட்டது.

செயலாளரிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஏதோ கண்காட்சியில் மாட்டு வைத்தியம் என்று நினைத்து வாங்கி வந்தது. 'தொடக்கநிலையாளருக்கு விலங்குகளைப் பாடம் செய்தல்' என்று பெயர். செத்த விலங்கின் தோலுக்குள் உரு வைத்து, உயிரோடு நிற்பது போல ஆக்குவது எப்படி என்று நாற்பத்தெட்டுப் பக்கத்தில் சொல்லியிருந்தது. நான்காம் நாள் காலை தலைவர் முதல் பக்கத்தை உரக்க வாசித்தார்.

"'தொடக்கநிலையாளர் மிகச் சிறிய உயிரிலிருந்து தொடங்குதல் நலம்.'"

"கன்னுக்குட்டி சின்னதுதானே?" என்றார் பக்கிரிசாமி.

"மிகச் சிறியன்னு போட்டிருக்குய்யா. நீ கோழியவிடச் சின்னதா நெனை."

நினைத்தார்கள். கோழியிலிருந்து எலிக்கு வந்து, எலியிலிருந்து கரப்பானுக்கு வந்து, கடைசியில் கொசுவில் வந்து நின்றார்கள். எறும்பு என்று பக்கிரிசாமி சொன்னார். எறும்பு கடிக்கும் என்று அது தள்ளுபடி ஆனது. கொசுவும் கடிக்குமே என்று அவர் கேட்டது குறிப்பேட்டில் இருக்கிறது.

சுவரில் ஒரு கொசு உட்கார்ந்தது. தலைவர் ஓங்கி அடித்தார். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இதுல அடைக்க எடமே இல்லியே, தலைவரே."

"உள்ள இருந்ததெல்லாம் வெளிய வந்திருச்சு. பாதி வேலை முடிஞ்சதுன்னு எழுதிக்கய்யா."

செயலாளர் எழுதினார். மாலைவரை பதினேழு கொசுக்களில் பாதி வேலை முடிந்தது. ஆறு மணிக்குப் பால் வண்டி வந்தபோது வடிவாம்பாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கூடை வைத்த இடத்திலேயே இருந்தது.

"நாள் நாலு ஆச்சுண்ணே."

"அவசரப்படாதம்மா. இப்பத்தான் கொசு முடிச்சிருக்கோம்."

ஐந்தாம் நாள், இரண்டாம் பக்கம். "உயிருள்ள விலங்கின் இயல்புகளை நேரில் உற்றுக் கவனித்துக் குறிப்பெடுத்துக்கொள்ளவும்." மூவரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போய், ஒருவர் வீட்டுக் கன்றுக்குட்டி முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். செயலாளரின் குறிப்பு இப்படிப் போகிறது:

'10.05. கன்று நின்றது. 10.10. நின்றது. 10.15. எங்களைப் பார்த்தது. 10.20. மீண்டும் பார்த்தது. 10.21. சாணி போட்டது. 10.22. தலைவர் இடம் மாறி அமர்ந்தார்.'

இதில் ஒரு பெரிய விவாதம் கிளம்பியது.

"நாம செய்யிற கன்னும் சாணி போடணுமா?" என்றார் பக்கிரிசாமி.

"இயல்புன்னு புத்தகத்துல இருக்கு. இது இயல்பா இல்லியா?" என்று கேட்டார் செயலாளர்.

"இயல்புதான். ஆனா செத்ததுக்கு எப்படிங்க?"

"அது இருவத்தியொண்ணாம் பக்கத்துல வரும்" என்றார் தலைவர். தெரியாததை எல்லாம் இருபத்தொன்றாம் பக்கத்துக்கு அனுப்புவது அவர் வழக்கம். அந்தப் பக்கம் புத்தகத்தில் கிழிந்து போயிருந்தது.

ஆறாம் நாள்தான் கூடையைத் திறந்தார்கள். "உள்ளே அடைக்கும் பொருள் சுத்தமானதாகவும் உலர்ந்ததாகவும், வேறு எதற்கும் பயன்படாததாகவும் இருத்தல் வேண்டும்" என்று இருந்தது.

வாசலில் வடிவாம்பாள் வைக்கோல் கட்டோடு நின்றாள். செயலாளர் அதைத் திருப்பி அனுப்பினார். "வைக்கோல மாடு திங்கும். ஆக, பயன்படுது. பயன்படாத பொருளாக் கொண்டா."

"பயன்படாத பொருளுக்கு நான் எங்கங்க போவேன்? அது இந்த ஆபீசுலதான் கிடைக்கும்" என்றாள் அவள்.

அவள் வேறு எதையோ மனதில் வைத்துத்தான் சொன்னாள். ஆனால் தலைவரின் முகம் மலர்ந்தது. எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஆறு வருட மனுக்கள். பூச்சி அரிக்காமல், கைபடாமல், மடிப்புக் கலையாமல், சுத்தமாக, உலர்ந்து இருந்தன. வேறு எதற்கும் பயன்பட்டதே இல்லை என்று மூவரும் மனச்சாட்சிப்படி சொல்ல முடிந்தது.

"எம் மனுவும் அதுல இருக்குண்ணே!" என்று கத்தினாள் வடிவாம்பாள்.

"பதறாதம்மா. உன்னோடதத்தான் முதல்ல வைக்கப் போறோம். கெட்டியான காகிதமா இருக்கு."

தீவனம் கேட்டவர்கள் காலுக்குப் போனார்கள். எடைத் தராசு சரியில்லை என்றவர்கள் வயிற்றுக்குப் போனார்கள். வடிவாம்பாளின் மூன்று மனுக்களும் கழுத்துப் பக்கம். நிற்க வைக்க இரும்புக் கம்பி வேண்டும் என்று புத்தகம் சொன்னது. கம்பி இல்லை. தலைவரின் குடை முதுகெலும்பாகப் போனது. வளைந்த கைப்பிடி வாலுக்குள் நன்றாகப் பொருந்தியது. கோணி ஊசியால் தைத்தார்கள். தையல் விட்டுவிட்டு, மனுக்களின் ஓரம் ஆங்காங்கே எட்டிப் பார்த்தது.

கண்ணுக்கு இரண்டு கோலிக்குண்டு. "கண்கள் எதிரில் இருப்பவரைப் பார்ப்பது போல அமைய வேண்டும்" என்று இருந்ததில்தான் தகராறு. எதிரில் இருப்பவர் தாம்தான் என்றார் தலைவர். தாமும் எதிரில்தான் இருப்பதாகச் செயலாளர் சொன்னார். கடைசியில் ஆளுக்கொரு கண் என்று ராசி ஆனது. வலக்கண் தலைவரைப் பார்த்தது. இடக்கண் செயலாளரைப் பார்த்தது.

"எனக்கு?" என்றார் பக்கிரிசாமி.

"நீ கொஞ்ச நாளைக்கு வால் பக்கமா உக்காந்துக்கய்யா."

ஏழாம் நாள் விடிந்தது. கடைசி அத்தியாயம்: "முடிந்த உருவை, விலங்குகள் அண்டாத, எவரும் உட்காராத இடத்தில் வைத்துப் பாதுகாக்கவும்."

எவரும் உட்காராத இடம் கோட்டானூரிலேயே ஒன்றுதான் இருந்தது. கன்றைத் தூக்கி நான்காவது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முன்னங்கால் இரண்டையும் மேசைமேல் வைத்தார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

"கிடேரிதானே?" என்று மெதுவாகக் கேட்டார் தலைவர்.

"கிடேரிதாங்க."

"அப்ப விதிப்படியும் சரியாப் போச்சு."

வைத்த கொஞ்ச நேரத்தில் கன்றுக்குள்ளிருந்து "ச்ச்ச்" என்று ஒரு சத்தம். உள்ளே பல்லி புகுந்திருந்தது. மூவரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். நாற்பத்தெட்டாம் பக்கம்: "பாடம் செய்த உருவிலிருந்து சத்தம் வந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது என்று பொருள். முன்னால் அந்துருண்டை வைக்கவும்." ஒரு தட்டில் இரண்டு அந்துருண்டைகளை வைத்தார்கள். வாடை தாங்காமல் பல்லி வெளியே ஓடியது. சத்தம் நின்றது. அந்தப் புத்தகம் சொல்லி, செய்து, பலித்த ஒரே காரியம் இதுதான். அதனால் மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

மாலை ஐந்தரை மணிக்கு வடிவாம்பாள் வந்தாள். ஆறு மணிக்கு வண்டி வரும். அதற்குள் கேனில் பால் விழாவிட்டால் அட்டை போயிற்று. அவள் நாற்காலியைப் பார்த்தாள். கன்றின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை.

"கன்னக் குடுங்க. நான் போய்க் கறக்கணும்."

"அது முடியாதேம்மா" என்றார் தலைவர். "விலங்குகள் அண்டாத இடத்துல வைக்கணும்னு அச்சுல போட்டிருக்கு. உன் வீட்டுல மாடு இருக்கே?"

"மாட்டுக்காகத்தானே இதையே செஞ்சோம்!"

"செஞ்சது மாட்டுக்காக. வைக்கிறது புத்தகத்துல சொன்னபடி. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"மாடு விலங்கா இல்லியான்னு வேணா பேசிப் பாக்கலாம்" என்றார் பக்கிரிசாமி, அவள்மேல் இரக்கப்பட்டு.

"பால் குடுத்துச்சுன்னா அது கறவை" என்று தீர்ப்பு வழங்கினார் செயலாளர். "பால் குடுக்காத வரைக்கும் விலங்குதான்."

"கன்னு குடுத்தாத்தான் பால் குடுக்கும்!"

"பால் குடுத்தாத்தான் கன்னு குடுக்க முடியும்."

அவள் வாதாடியிருப்பாள். அவளை எனக்குத் தெரியும், மூவரையும் உட்கார வைத்து ராத்திரிவரை வாதாடியிருப்பாள். ஆனால் சுவரில் கடிகாரம் இருந்தது. திரும்பி ஓடினாள். பத்து நிமிடத்தில் செவலையை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

அலுவலக வாசலுக்கு மூன்று படி. செவலை மூக்கை உயர்த்தி மோந்தது. பிறகு யாரையும் கேட்காமல் படியேறி, முன்பாதியை உள்ளே நுழைத்தது. வாசற்படி இடுக்கில் வயிறு சிக்கிக்கொண்டதால் பின்பாதி வெளியே நின்றது. கழுத்தை நீட்டி நாற்காலியில் இருந்த கன்றை நக்கியது. உப்பு. அதன் கன்றின் வாடை. இன்னொரு முறை நக்கியது. தொண்டைக்குள் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் போட்டது. வெளியே படியில் குந்தி உட்கார்ந்திருந்த வடிவாம்பாளின் கையில் மடி இளகியது. செம்பில் பால் சர்ர்ரென்று விழுந்தது.

ஒன்றரை லிட்டர். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

ஜன்னல் வழியாகச் செம்பை நீட்டினாள். செயலாளர் வாங்கவில்லை.

"தலைவரே, ஒரு சிக்கல். பால் வெளியிலேருந்து சங்கத்துக்குக் கொண்டுவரப்படணும்னு விதி. மாடு உள்ள இருக்கே?"

"மடி எங்கய்யா இருக்கு?"

பக்கிரிசாமி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "மடி வெளிய இருக்குங்க."

"அப்ப பால் வெளிப்பால்."

"ஆனா கன்னப் பாத்ததும் நக்குனதும் உள்ள. பால் விடலாங்கிற முடிவ மாடு உள்ளதான் எடுத்துச்சு. நாம எடுக்கிற முடிவெல்லாம் உள்ள எடுக்கிறதுதானே?" என்றார் செயலாளர்.

இது ஆழமான கேள்வி. வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். தலைவர் ஏற்கலாம் என்றார். செயலாளர் கூடாது என்றார். பக்கிரிசாமி, தீர்மானம் என்ற சொல்லை யாரும் சொல்லாததால், கையைத் தூக்கவே இல்லை.

அந்த நேரத்தில் செவலைக்குக் கன்றின் கழுத்தில் ஒரு காகித ஓரம் அகப்பட்டது. இழுத்தது. வடிவாம்பாளின் முதல் மனு வெளியே வந்தது. மென்று விழுங்கியது. இரண்டாவதை இழுத்தது, அதையும் விழுங்கியது. ஆறு வருடத்தில் கோட்டானூர் சங்கத்தில் ஒரு மனு அடுத்த கட்டத்துக்குப் போனது அதுவே முதல்முறை. மூன்றாவதும் போனதும் கழுத்தில் ஒன்றும் இல்லாமல், கன்றின் தலை 'தொப்'பென்று மேசைமேல் கவிழ்ந்தது.

செயலாளர் பேனாவை எடுத்தார். "பெண் இயக்குநர் தலையசைத்து ஆதரவு" என்று எழுதினார். இரண்டுக்கு ஒன்று. பால் கேனில் விழுந்தது. அட்டை பிழைத்தது.

மறுநாளிலிருந்து செவலை தினமும் இரண்டு வேளை படியேறி, பாதி உள்ளே பாதி வெளியே நின்று பால் கொடுத்தது. தினமும் இரண்டு மூன்று மனுக்களைத் தின்றது. தீவன மனுக்கள் தீர்ந்து கால்கள் தொங்கின. தராசு மனுக்கள் தீர்ந்து வயிறு ஒட்டியது. "பெண் இயக்குநர் வரவர இளைச்சுக்கிட்டே போறாங்க" என்று பக்கிரிசாமி கவலைப்பட்டார். இருபத்தொன்றாம் பக்கத்தில் இதற்கு வழி இருக்கும் என்றார் தலைவர்.

ஒரு மாதத்தில் நாற்காலியில் மிஞ்சியது தோலும் குடையும்தான். அதற்குள் செவலையும் கன்றில்லாமல், தவிட்டுக்கும் வடிவாம்பாளின் கைக்குமே பால் விடப் பழகிவிட்டது. அன்றைக்குக் கூட்டம். மூவரும் வருவதற்கு முன்பே வடிவாம்பாள் உள்ளே போனாள். தோலை உதறி மடித்துக் கூடையில் வைத்தாள். குடையை ஆணியில் மாட்டினாள். நான்காவது நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

மூவரும் வந்தார்கள். வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்கள்.

"பரவாயில்லியே, தேறிட்டாங்க" என்றார் பக்கிரிசாமி. "யாரு அடைச்சது?"

"யாரோ தொழில் தெரிஞ்ச ஆளு" என்றார் செயலாளர். "தையலே தெரியல பாரேன். உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு."

"ஒரு குறை இருக்கு" என்றார் தலைவர். "ரெண்டு கண்ணும் என்னையே பாக்குது."

"நான் வடிவாம்பாள்" என்றாள் வடிவாம்பாள். "விதி எண் பதினாலுபடி இந்த நாற்காலியில நான் உக்காந்திருக்கேன். முதல்ல எடைத் தராச மாத்துறதப் பத்திப் பேசணும். தீர்மானம் கொண்டு வர்றேன்."

பக்கிரிசாமியின் கை தானாக மேலே போனது. தலைவர் அதைப் பிடித்துக் கீழே இழுத்தார். மூவரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, யாரும் யாருக்கும் சொல்லாமலே, மூவருக்கும் ஒரே பக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

செயலாளர் எழுந்து போய்த் தட்டை எடுத்துவந்தார். அவள் முன்னால் இரண்டு அந்துருண்டை வைத்தார்.

அவள் தராசைப் பற்றிப் பேசினாள். இன்னும் இரண்டு வைத்தார்கள். தீவனத்தைப் பற்றிப் பேசினாள். நான்கு வைத்தார்கள். மாடே இல்லாதவர்கள் இயக்குநராக இருப்பதைப் பற்றி அவள் ஆரம்பித்தபோது, பக்கிரிசாமி கடைக்கு ஓடினார்.

அன்றைய கூட்டக் குறிப்பின் கடைசி வரி இப்படி இருக்கிறது: 'பெண் இயக்குநருக்குள் இருக்கும் பூச்சி மாலைவரை ஓயவில்லை. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கிலோ அந்துருண்டை வாங்குவதாகத் தீர்மானம். மூவர் ஆதரவு. பூச்சி மட்டும் எதிர்ப்பு.'